ஒரு வீசை கேமராவும் அரை வீசை கேமராவும்

சித்தி மக கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டு ஃபிலிம் கேமராவையும் தூக்கிக்கிட்டு தெரு முனை அரிசிக்கடைக்குப் போயி தராசுல வச்சுப் பாத்தேன். கடைக்கார ஊலே (பர்மாவுல மாமானு கூப்புடுறது) ஒரு மாதிரியாத்தான் பாத்தாரு, ஆனா ஒன்னும் கேக்கல. பெரியப்பாவோட மமியா சி330, மேலயும் கீழயும் ரெண்டு லென்ஸ் இருக்குற பெரிய கேமரா, 80 எம்எம் லென்ஸோட, ஒரு வீசைக்குக் கொஞ்சம் மேலயே நின்னுச்சு, என்னோட நிக்கான் எஃப்எம் 50 எம்எம் போட்டு அரை வீசை. வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக சொல்றேன், ரங்கூன் பஜார்ல கறி மீன் வெங்காயம் எல்லாம் இன்னும் வீசைக் கணக்குதான், ஒரு வீசை 1.6 கிலோ சொச்சம், பர்மாக்காரங்க பெய்த்தானு சொல்வாங்க, இங்கிலீஷ்ல விஸ்ஸுனு எழுதுறதும் நம்ம வீசையத்தான்.

எதுக்கு நிறுத்துப் பாத்தேன்னா, விடியக்காலை 4 மணிக்குக் கழுத்துல மாட்டுனா மத்தியானம் பந்தி முடியிற வரைக்கும் அது கழுத்துலதான் கெடக்கும். போன தடவ பெருச மட்டும் நம்பிப் போயி மூணு நாள் கழுத்து திரும்பல. அதுக்கு முந்தின தடவ சின்னத மட்டும் கொண்டு போயி வேற மாதிரி அடி வாங்கினேன், அந்தக் கதைய அப்பறம் சொல்றேன்.

பொண்ணு என்கிட்ட கேட்டது ஒன்னே ஒன்னுதான். "அண்ணே, டிஜிட்டலுக்கு ஆள் சொல்லியாச்சு, செல்லுல ஊரே எடுக்கும், நீ மட்டும் ஃபிலிம்ல எடு, எத்தன வந்தாலும் சரி." எத்தன வந்தாலும் சரினு கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருமே சொல்வாங்க. முடிஞ்ச ரெண்டாவது நாள் சித்தி போன் பண்ணி "அம்மாச்சி தனியா நிக்கிற மாதிரி ஒன்னு இருக்குமே, மாப்ள வீட்டு பெகு ஊர்க்காரங்க ஆசீர்வாதம் பண்ணுனது இருக்குமே"னு ஆரம்பிச்சிருவாங்க.

கல்யாணத்துக்குப் பெரிய ஃபிலிம் கேமராவா சின்னதானு நெட்டுல தேடுனா எல்லாரும் நெகட்டிவ் சைஸ்லதான் ஆரம்பிக்கிறாங்க. 35 எம்எம் ஃபிரேம் 24க்கு 36 மில்லிமீட்டர், சி330 மாதிரி சதுரமா எடுக்குறதுல 56க்கு 56, பரப்பளவு போட்டுப் பாத்தா மூணரை மடங்குக்கு மேல, ஆர்பி67 மாதிரி 6க்கு 7 சென்டிமீட்டர் கேமரானா நாலரை மடங்கு. கிரெய்ன், அதாவது மணல் மணலாத் தெரியிற புள்ளி, தெரியாது, பட்டுச் சேலை ஜரிகைய இழை இழையா எண்ணலாம், தோலோட நிறம் வெளிச்சத்துலேர்ந்து நெழலுக்குப் போறது வெண்ணெ மாதிரி வரும், எல்லாம் நெசம்தான், நான் இல்லேங்கல. ஆனா ஜரிகைய யாரு எண்ணப் போறா? எங்க குடும்பத்து ஆல்பத்துல இருக்குறதுலயே பெருசு 8க்கு 12 இஞ்சு, அதுவும் ரெண்டோ மூணோ, மிச்சம் எல்லாம் வைபர்ல போயி சித்தப்பா செல்லுல ரெண்டு இஞ்சுக்குத் தெரியும். 8க்கு 12க்கு நல்லா ஃபோகஸ் பண்ணுன 35 எம்எம் நெகட்டிவ் தாராளமாப் போதும், சைஸுக்காக மட்டும் ஒரு வீசையக் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரியிறது எனக்கு வெட்டி வேலையாத்தான் தெரியுது.

பெரியப்பா காலத்துல பெரிய நெகட்டிவுக்கு வேற காரணம் இருந்துச்சு. அவரு பெகுல சின்னதா ஸ்டூடியோ வச்சிருந்தாரு. 1962க்கு அப்பறம் கடை கண்ணி எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிட்ட சோசலிச காலம், நெனச்ச நேரத்துல ஃபிலிம் கெடைக்காது, மோலமைன் பக்கம் எல்லை தாண்டி தாய்லாந்து சரக்கு வந்தாத்தான் உண்டு. சதுர நெகட்டிவ்னா படத்தப் பெருசு பண்ற என்லார்ஜர் இல்லாமயே பேப்பர் மேல வச்சு அமுக்கி, வெளிச்சம் காட்டி, அப்படியே ரெண்டேகால் இஞ்சு போட்டோவாக் கொடுத்துரலாம், ஆல்பத்துல ஒட்டுறதுக்கு அது போதும். 35 எம்எம்ம அப்படிக் கொடுத்தா தபால்தல மாதிரி இருக்கும். இன்னொன்னு பென்சில். நெகட்டிவ் மேலயே பென்சில நல்லா சீவிக்கிட்டு பொண்ணு மொகத்துல இருக்குற பரு, கண்ணுக்குக் கீழ கருப்பு எல்லாத்தையும் புள்ளி புள்ளியா வச்சு அழிப்பாரு, அதத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு மருந்து தடவுவாரு, அப்பத்தான் பென்சில் பிடிக்கும். சின்ன நெகட்டிவ்ல மொகமே மொளகு சைஸ்ல இருக்கும்போது எங்க பென்சில் வைக்க? இப்ப ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல எல்லாம் செஞ்சிர்றோம், அதனால அந்தக் காரணம் ரெண்டுமே போச்சு.

ஒரு கல்யாணத்துக்கு அவரு ஒரு ரோல்தான் கொண்டு போவாராம். ஒரு ரோல்னா 12 படம். மாப்ள அழைப்பு, நலுங்கு, தாலி, மால மாத்துறது, ரெண்டு வீட்டுப் பெரியவங்க, பந்தி, எல்லாம் சேத்து 12. "பன்னெண்டுல பதினொன்னுதான்டா நம்மளுது, ஒன்னு கண்ண மூடுறவனோடது"ம்பாரு. நான் ஒரு கல்யாணத்துல 35 எம்எம்ல மூணு ரோல், 108 படம் எடுத்துட்டு வந்து அதுல நாப்பதுதான் தேறும்னு சொன்னப்ப அவரு என்னையப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. இப்பவும் சதுரக் கேமராவுக்குப் போடுற 120 ஃபிலிம் ஒரு ரோலும் 35 எம்எம் ஒரு ரோலும் கிட்டத்தட்ட ஒரே வெலதான் வருது, ஒன்னுல 12, ஒன்னுல 36, அப்ப சதுரத்துல ஒரு படம் எடுக்குற காசுல சின்னதுல மூணு. டாலர் ஏறிக்கெடக்குற ஏத்தத்துல பட்டன அமுக்கும்போதெல்லாம் வெரல் ஒரு நொடி யோசிக்குது.

சரி, மண்டபத்துக்குள்ள வருவோம். நம்ம முகூர்த்தம் எல்லாம் இருட்டோடதான். விடியக்காலை 5 மணிக்கு அக்கினி வளத்து, ஐயர் நெய் ஊத்த ஊத்த பொகை கெளம்பி, மேல ஒரு டியூப்லைட், ரெண்டு குத்துவெளக்கு. அதுலயும் இப்ப ரங்கூன்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு அவங்கவங்க ஏரியா முறைய வச்சு ஓடுது, ஜெனரேட்டர் பிடிக்கிற வரைக்கும் வெளக்கு வெளிச்சம் மட்டும்தான். இந்த எடத்துல சி330ஓட 80 எம்எம் லென்ஸ் எஃப் 2.8, என்னோட 50 எம்எம் எஃப் 1.4. எஃப் எண்ணு சின்னதா இருந்தா வெளிச்சம் கூட உள்ள வரும், இதுல ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வித்தியாசம். ஹெச்பி5 கறுப்பு வெள்ள ஃபிலிமோட வேகத்த 1600னு வச்சு தள்ளி, அதாவது கூட நேரம், டெவலப் பண்றதா முடிவு பண்ணிட்டு எடுத்தா சின்னதுல 1/60 செகண்டு கெடைக்குற எடத்துல பெருசுல 1/15தான். ஐயரும் ஆடுவாரு, மாப்ள கையும் ஆடும், என் கையும் ஆடும். மீடியம் ஃபார்மட்ல, அதாவது இந்த மாதிரி பெரிய நெகட்டிவ்ல, பின்னாடி எல்லாம் அழகா கலங்கிப் போகும்னு சொல்றாங்களே, அதுவும் இங்க ஒன்னும் கூடுதல் இல்ல, சதுரத்துல எஃப் 2.8க்குக் கலங்குறதும் சின்னதுல எஃப் 1.4க்குக் கலங்குறதும் கிட்டத்தட்ட ஒன்னுதான். ஆகக்கூடி பெரிய நெகட்டிவோட கூர்மைய எல்லாம் ஆட்டமே தின்னுருது.

கூட்டம் வேற. சி330ல மேலேர்ந்து குனிஞ்சு பாத்து எடுக்கணும், கேமரா தொப்புள் ஒசரத்துல இருக்கும், தாலி கட்டுற நேரத்துல நமக்கு முன்னாடி இருபது கை செல்லத் தூக்கிக்கிட்டு நிக்கும், தொப்புள் ஒசரத்துலேர்ந்து பாத்தா சேலை முந்தானையும் கைலியும்தான் தெரியும். பெரியப்பா அதுக்கு ஒரு வித்தை வச்சிருந்தாரு, கேமராவத் தலகீழாத் திருப்பி தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு அண்ணாந்து பாத்து எடுப்பாரு. நான் ஒரு தடவ செஞ்சு பாத்தேன், ஒரு வீசை தலைக்கு மேல, கீழ அக்கினி, வேணாம்னு விட்டுட்டேன். ரோல் மாத்துறது இன்னொரு கொடுமை. பேப்பரப் பிரிச்சு, அம்புக்குறிய புள்ளிக்கு நேரா வச்சு, மூடி, சுத்தி, முடிஞ்ச ரோல பிரிஞ்சிராம இறுக்கிச் சுருட்டி, அந்தப் பசைப் பட்டய நாக்குல நக்கி ஒட்டணும். கையெல்லாம் சந்தனமும் மஞ்சளும், வாயில ஃபிலிம் பட்டை, "சயா (வாத்தியாரே), சயா, இங்க ஒன்னு"னு நாலு பக்கத்துலேர்ந்து கூப்புடுவாங்க. தாலிக்கு மூணு முடிச்சு, ரெண்டு மாப்ள போடுறது, மூணாவது நாத்தனார் போடுறது, எண்ணி பத்துப் பதினஞ்சு செகண்டு. எஃப்எம்ல முடிச்சுக்கு ஒன்னா மூணு எடுத்துரலாம். சி330ல ஒன்னு, சுத்துற கை வேகமா இருந்தா ரெண்டு.

அப்ப சின்னதுதான்னு முடிஞ்சு போச்சேனு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, அந்த முந்தின தடவ.

அது ஒரு கூட்டாளி தங்கச்சி கல்யாணம். எஃப்எம் மட்டும்தான் கொண்டு போனேன், ஃப்ளாஷ் மாட்டியிருந்தேன். எஃப்எம்ல ஃப்ளாஷ் ஒத்துப் போறது 1/125 வரைக்கும்தான், அதுக்கு மேல வச்சா ஷட்டர் முழுசாத் தெறக்காது, ரெண்டு திரைக்கு நடுவுல ஒரு சந்துதான் ஓடும். கூட்டத்துல யாரோ இடிச்சு டயல் 1/250க்கு நகந்திருக்கு, நான் கவனிக்கல. டெவலப் பண்ணி எடுத்து வெளிச்சத்துல காட்டிப் பாத்தா தாலி கட்டுற படம் மூணுலயும் மேல் பாதிதான் இருக்கு. மாப்ள மொகம் ஜோரா இருக்கு, பொண்ணு தல குனிஞ்சது இருக்கு, பின்னாடி நாத்தனார் சிரிக்கிறது இருக்கு, கழுத்துக்குக் கீழ கும்மிருட்டு, கையும் இல்ல தாலியும் இல்ல. கூட்டாளி ரொம்ப நேரம் பாத்துட்டு "எங்கடா கட்டுனான்?"னு கேட்டான். இன்னைக்கு வரைக்கும் அவங்க வீட்டுப் பக்கம் போனா மொதல்ல அதான் பேச்சு.

அதுக்கப்பறம்தான் பெரியப்பா கேமராவோட ஷட்டரப் பத்தி உருப்படியா யோசிச்சேன். சி330ல ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கு, பூ மாதிரி நடுவுலேர்ந்து விரிஞ்சு மூடும், எந்த வேகத்துல வச்சாலும் ஒரு கணம் முழுசாத் தெறந்துதான் மூடும், அதனால 1/500 வரைக்கும் ஃப்ளாஷ் ஒத்துப் போகும். ஹாசல்பிளாட் 500சி, ஆர்பி67, யாஷிகா மேட் எல்லாம் இதே ஜாதிதான், ஆர்பி67ல மட்டும் 1/400. மீடியம் ஃபார்மட்னாலே அப்படினு நெனச்சுராதீங்க, பென்டாக்ஸ் 67ல ஷட்டர் பாடிக்குள்ள, ஃப்ளாஷுக்கு வெறும் 1/30தான்.

இது இருட்டு மண்டபத்துல ஒன்னும் பெரிய விஷயம் இல்ல. ஆனா நம்ம கல்யாணம் இருட்டுல ஆரம்பிச்சு நல்ல வெயில்லதான் முடியும். மாசி மாசம், முகூர்த்தம் முடிஞ்சு சாமி கும்பிட்டு வெளிய வர மணி ஒம்பதரை பத்து ஆயிரும். கோயில் வாசல்ல கோபுரம் தெரிய குடும்பத்தோட நிக்கிற படம்தான் எங்க ஆளுங்களுக்கு முக்கியம். அனோராட்டா ரோடு காளியம்மன் கோயில் கோபுரத்தப் பாத்தவங்களுக்குத் தெரியும், 1871ல நம்ம ஆளுங்க கட்டுன கோயில், அத்தன கலரு, அது வெளுத்துப் போகக் கூடாது. மனுசங்க மொகத்துல கண்ணு ரெண்டும் குழி, நெத்திச்சுட்டி நெழலு மூக்கு மேல, வெள்ள ஏஞ்சிச் சட்டை போட்ட பர்மாக்கார சொந்தங்க ஒரு பக்கம் பளீர்னு, இந்தப் பக்கம் சித்தப்பா கறுகறுனு. ஃப்ளாஷ் போட்டுத்தான் நெழல நெரப்பணும்.

இங்க கணக்கப் போட்டுப் பாருங்க, கணக்கு புடிக்காதவங்க அடுத்த பாராவுக்குத் தாவிருங்க. ஃபிலிம் வேகம் ஐஎஸ்ஓ 100, நல்ல வெயிலு, எஃப்எம்ல ஃப்ளாஷுக்காக 1/125ல நிக்கணும்னா அபெர்ச்சர், அதாவது லென்ஸோட தொறப்பு, எஃப் 16. என்கிட்ட இருக்குற ஃப்ளாஷோட கைட் நம்பர், அதாவது பலம், 32 மீட்டர், 32ஐ 16ஆல வகுத்தா 2 மீட்டர், அதுக்கு மேல அது எட்டாது. 50 எம்எம் லென்ஸ் போட்டு ரெண்டு மீட்டர்ல நின்னா ஃபிரேமுக்குள்ள ஒன்னரை மீட்டர் கூட அகலம் வராது, மூணு பேருக்கு மேல நிக்க எடம் இல்ல. அதே வெயில்ல சி330ல 1/500, எஃப் 8 கிட்ட. 32ஐ 8ஆல வகுத்தா 4 மீட்டர். நாலு மீட்டர்ல 80 எம்எம்ல 2.8 மீட்டர் அகலம், முன்னாடி ஆறு பேரு ஒக்காந்து பின்னாடி ஆறு பேரு நின்னா ஒரு குடும்பம் அடங்கிரும். ஃப்ளாஷ் அதேதான், பேட்டரியும் அதேதான், தூரம் மட்டும் ரெண்டு மடங்கு. நெகட்டிவ் சைஸப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுறவங்க இத ஏன் ஒரு வரி கூட எழுத மாட்றாங்கனு தெரியல, ஒருவேள அவங்க ஊருல கல்யாணம் சாயங்காலத்துல புல்வெளியில நடக்குது போல.

இன்னொன்னும் இருக்கு, இது கணக்குல வராது. சின்னக் கேமராவத் தூக்கி கண்ணுல வச்சா எங்க பெரியவங்க மொகம் இறுகிப் போகும். சி330ஐ வயித்துல பிடிச்சுக்கிட்டு தலயக் குனிஞ்சு பாப்போம்ல, அது அவங்களுக்குப் பிடிக்குது. பர்மாவுல பெரியவங்க முன்னாடி நடந்து போறப்ப முதுக வளச்சுக் குனிஞ்சுதான் போவோம், சின்ன வயசுலேர்ந்து அடிச்சு வளத்தது அது. மாப்ள பக்கத்துல ஒரு பர்மாக்காரப் பாட்டி, கன்னத்துல தனக்கா பூசிக்கிட்டு, செல்லுக்கும் டிஜிட்டல்காரப் பையனுக்கும் மொகத்தத் திருப்பிக்கிட்டே இருந்தவங்க, நான் குனிஞ்சு நின்னதும் தமெய்ன் கைலியச் சரி பண்ணிக்கிட்டு நேரா ஒக்காந்துட்டாங்க. "டாட்போன் சயா (போட்டோக்காரரு) வந்துட்டாரு, அசையாதீங்க"னு பக்கத்துல இருந்த புள்ளைங்கள அதட்டுனது வேற. நான் ஒரு ஐஸ் பெட்டி மாதிரி ஒரு டப்பாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், எனக்கு இடது வலது எல்லாம் கண்ணாடியில மாதிரி மாறித் தெரியுது, அம்மாச்சிய வலப் பக்கம் நகரச் சொல்ல நெனச்சு எடப் பக்கம் நகத்திட்டேன், ஆனாலும் யாரும் சிரிக்கல.

வாங்கலாமானு யோசிக்கிறவங்க சில பேரு கான்டாக்ஸ் 645ஐப் பத்திக் கேக்குறீங்க. 80 எம்எம் எஃப் 2 லென்ஸ், ஆட்டோஃபோகஸ், கல்யாணப் படத்துக்குனே செஞ்ச மாதிரி இருக்கும், வெளிநாட்டுல அதுக்குப் பைத்தியமா அலையிறாங்க. ஆனா 2005லயே அந்தக் கேமரா தொழில நிறுத்திட்டாங்க, உள்ள முழுக்க எலக்ட்ரானிக்ஸ், ரங்கூன்ல அது செத்தா எடுத்து வச்சு பூ போட வேண்டியதுதான். ஃப்ளாஷும் 1/125தான், அப்ப எனக்கு எஃப்எம் என்ன பாவம் பண்ணுச்சு? ஆர்பி67 தூக்குறதுக்கு நான் ஆளு இல்ல. காசு கம்மினா பழைய யாஷிகா மேட் ஒன்னு நல்லதாத் தேடுங்க, லென்ஸ் எஃப் 3.5தான், மாத்தவும் முடியாது, ஆனா அந்த லென்ஸுக்குள்ள ஷட்டர் இருக்கு பாருங்க, அது போதும். வாங்குறப்ப டார்ச் அடிச்சு உள்ள பூஞ்சை இருக்கானு பாருங்க, நம்ம ஊரு அஞ்சு மாச மழைக்கு எந்த லென்ஸும் தப்பாது. ரெண்டு லென்ஸ் கேமராவுல ஒரு நிம்மதி, மேல் லென்ஸ் பாக்குறதுக்கு மட்டும்தான், அதுல பூஞ்சை இருந்தா இருந்துட்டுப் போகட்டும், கீழ் லென்ஸ் சுத்தமா இருந்தாப் போதும், பெரியப்பா கேமராவுல அப்படித்தான் இருக்கு. மழை மாசத்துல அரிசிய வெறும் சட்டியில வறுத்து, ஆறுனதும் துணியில முடிஞ்சு டப்பாவுக்குள்ள கேமராவோட போட்டு வைப்பாரு, நானும் அதையேதான் செய்றேன்.

கடைசியா என்ன செஞ்சேன்னா, அன்னைக்கு ரெண்டையும் கொண்டு போனேன், ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல கழுத்துல இல்ல. பெருச தம்பிகிட்ட கொடுத்து செருப்பு விடுற எடத்துலயே ஒக்கார வச்சிட்டேன், அவனுக்கு அத்தோ நூடுல்ஸ் வாங்கித் தர்றதாப் பேச்சு. உள்ள எஃப்எம்மும் ஹெச்பி5 ரெண்டு ரோலும், ஃப்ளாஷே மாட்டல, டயலுக்கு மேல கறுப்பு டேப்பு ஒட்டிட்டேன், இடிச்சாலும் நகராது. முகூர்த்தத்துக்கு சரியா பத்து நிமிஷம் முன்னாடி கரண்ட் போச்சு. டிஜிட்டல்காரப் பையன் லைட்டு ஸ்டாண்ட வச்சுக்கிட்டு ஜெனரேட்டர் ஜெனரேட்டர்னு கத்துறான், நாதஸ்வரம் பாட்டுக்கு வாசிக்குது, நான் டேப்ப உரிச்சிட்டு எஃப் 1.4ல 1/30க்கு எறங்கி, மூச்சப் பிடிச்சுக்கிட்டு தூணுல சாஞ்சு நின்னு எடுத்தேன். மூணு முடிச்சும் வந்திருக்கு. மொத முடிச்சு கொஞ்சம் ஆடியிருக்கு, ரெண்டாவது நல்லா இருக்கு, மூணாவதுல அக்கினி வெளிச்சம் நாத்தனார் வளையல்ல மட்டும் பட்டு நிக்குது. அடுத்த நிமிஷமே "மீ லாபி!", கரண்ட் வந்துருச்சுனு தெருவே கத்துச்சு, டியூப்லைட் எரிஞ்சுது, மண்டபம் பழையபடி வெளிறிப் போச்சு.

வெளிய வந்ததும் தம்பிகிட்டேர்ந்து பெருச வாங்கி கோடாக் கோல்டு 200 ஒரு ரோல், வேகத்த 100னு வச்சு, 12 படம். கலர டெவலப் பண்றதுக்கு லேபுக்குத்தான் கொடுத்தேன், கலர் கெமிக்கல 38 டிகிரியில நிறுத்தி வைக்கிற வேலை எல்லாம் நம்ம கரண்ட்டுக்கு ஒத்து வராது. கோபுரம் கலர் அப்படியே நிக்குது, சித்தப்பாவும் தெரியிறாரு, வெள்ள ஏஞ்சியும் தெரியுது. ஒன்னுல மாப்ளயோட பெரியப்பா கண்ண மூடியிருக்காரு, எங்க பெரியப்பா கணக்கு தப்பல.

இப்ப ஒரு சிக்கல். பன்சொடான் தெருப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு எஃப்எம்2என் ஒன்னு வச்சிருக்காரு, விக்கிறாராம். அதுல ஃப்ளாஷ் 1/250 வரைக்கும் ஒத்துப் போகும், அப்ப வெயில்ல எஃப் 11, தூரம் கிட்டத்தட்ட 3 மீட்டர். 35 எம்எம் லென்ஸ் ஒன்னு போட்டா அந்த 3 மீட்டர்லயே குடும்பம் முழுக்க அடங்கிரும். ஒரு வீசைய வீட்டுலயே வச்சிட்டுப் போயிரலாம். ரெண்டு தடவ போயி கையில எடுத்து, ஷட்டர அமுக்கிப் பாத்து, டயலத் திருப்பிப் பாத்து, திரும்ப வச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்துட்டேன். நேத்து அவரே போன் பண்ணி வெலயக் கொறச்சுக்குறேங்குறாரு. அடுத்த கல்யாணம் பங்குனியில, பெகுல, பெரியப்பா ஸ்டூடியோ இருந்த தெருவுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி. அதுவரைக்கும் போன எடுக்காம இருக்கலாம்னு பாக்குறேன்.